விலை பிறகு, முதலில் வீட்டுக்கு அடியில் பாருங்கள்: எஃப்.எச்.ஏ. கடனும் தொழிற்சாலை வீடுகளும்

அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கட்டி, இரும்புச் சட்டத்தோடு இழுத்து வந்து மனையில் இறக்கும் வீட்டுக்கு மேனுஃபாக்சர்ட் ஹோம் என்று பெயர். கடன் கொடுப்பது வங்கி; அது வாராக்கடனானால் ஈடுகட்டுவது எஃப்.எச்.ஏ. என்ற அரசு வீட்டுக்கடன் அமைப்பின் காப்பீடு. விலை பேசி முடித்து, வங்கியும் தலையாட்டிய பிறகு, வீட்டை மதிப்பிடும் அப்ரைசர் வந்து போனதும் கடன் நின்றுபோவது இந்த வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. காரணம் மதிப்புக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். பல நேரம் கணக்கு அந்த இடத்துக்கே வந்திருக்காது.

முதல் வடிகட்டி தேதி. 1976 ஜூன் 15க்கு முன் தயாரான வீட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் கட்டுமான விதி அமலுக்கு வந்த நாள் அது. அதற்கு முந்தையவை வெறும் மொபைல் ஹோம்கள். சமையலறையை நேற்றுதான் புதுப்பித்திருந்தாலும் பயனில்லை. '1976 மாடல்' என்ற பேச்சை நம்ப வேண்டாம், தயாரான தேதிதான் கணக்கு. பரப்பு 400 சதுர அடிக்குக் குறையக் கூடாது.

தேதிக்குச் சாட்சி இரண்டு. ஒன்று ஹட் லேபிள்: வெளிச்சுவரில், வீட்டின் பின்முனையில், வீட்டின் உள்தரை மட்டத்திலிருந்து சுமார் ஓரடி உயரத்தில் அடித்திருக்கும் சிவப்பு உலோகத் தகடு, 2 அங்குலத்துக்கு 4 அங்குலம். மூன்று எழுத்து, பிறகு எண். இழுத்து வந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று. இரு பாதிகளாக வந்து சேரும் டபுள் வைடுக்கு இரண்டு, ஒரே பகுதியான சிங்கிள் வைடுக்கு ஒன்று. மற்றது டேட்டா பிளேட். பிளேட் என்று பெயர்தான், உண்மையில் காகிதம். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், மின்பலகை அருகே, படுக்கையறை அலமாரி என்று எங்காவது ஒட்டியிருக்கும். தயாரித்த நிறுவனம், தேதி, சீரியல் எண், எந்தக் காற்று மண்டலத்துக்கும் பனிச்சுமைக்கும் கட்டியது என்ற வரைபடங்கள் எல்லாம் அதில் உண்டு.

வெளிச்சுவருக்குப் புது உறை (சைடிங்) போடும்போது லேபிளைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். புது அலமாரி வரும்போது டேட்டா பிளேட் குப்பைக்குப் போகும். ஹட் வேறு லேபிள் தராது. லேபிள் பதிவுகளை வைத்திருக்கும் ஐ.பி.டி.எஸ். நிறுவனத்திடம் சரிபார்ப்புக் கடிதம் வாங்கலாம், அதற்குச் சீரியல் எண் கைகொடுக்கும். அது இரும்புச் சட்டத்தின் முன் குறுக்குக் கம்பியில் பொறித்திருக்கும். துரு தேய்த்துப் பார்க்க வேண்டி வரலாம். சீரியல் எண் வேறு, லேபிள் எண் வேறு. அறிக்கையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதி அது திரும்பி வருவது அப்ரைசர்கள் செய்யும் சலிப்பூட்டும் பிழை.

அடித்தளத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். சக்கரம், அச்சு, இழுவைக் கொக்கி மூன்றும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். அஸ்திவாரம் ஹட்டின் 1996 நிரந்தர அஸ்திவார வழிகாட்டிக்குப் பொருந்துகிறது என்று அந்த மாநில உரிமம் உள்ள பொறியாளரோ கட்டடக் கலைஞரோ சான்று தர வேண்டும். அப்ரைசர் தர முடியாது. கண்டதை எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. காரையில்லாமல் அடுக்கிய சிமென்ட் பிளாக்குகளும், மண்ணில் திருகி இறக்கிய ஆங்கர் என்ற பிடிகம்பிகளும் எத்தனை வருடம் தாங்கியிருந்தாலும் நிரந்தர அஸ்திவாரம் ஆகாது. பழைய சான்று கையில் இருந்து, அதற்குப் பின் மாற்றமோ சேதமோ இல்லையென்றால் அதையே கொடுக்கலாம். விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள், பொறியாளர் கட்டணம் மிஞ்சும்.

வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றிலும் அடைப்பு வேண்டும், காற்றோட்டத்தோடு. ஸ்கர்ட்டிங் என்ற மெல்லிய வினைல் மறைப்பு மட்டும் தொங்கினால் போதாது. அதன் முழுப்பரப்புக்கும் பின்னால் கான்கிரீட், செங்கல், பதப்படுத்திய மரம் போன்ற உறுதியான பின்பலம் இருக்க வேண்டும். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், தரைக்கு அடியில் கட்டிய கறுப்பு உறை கிழிந்து இன்சுலேஷன் தொங்குகிறதா, குழாய் கசிந்து மண் ஈரமாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். டபுள் வைடின் இரு பாதிகளும் சேரும் கோட்டுக்கு மேரேஜ் லைன் என்று பெயர். அந்தக் கல்யாணம் சரியாக நடக்காத வீட்டில் நடுக்கூடத்து மேற்கூரையில் நீளவாக்கில் கறை ஓடும்.

ஒருமுறை வேறு மனையில் நிறுவி, பெயர்த்துக் கொண்டுவந்த வீடும் தகுதி இழக்கிறது. தொழிற்சாலையிலிருந்தோ டீலர் முற்றத்திலிருந்தோ நேராக வந்திருக்க வேண்டும். பின்னால் ஒட்டிக் கட்டிய அறை, வீட்டுச் சுவரில் பளுவை ஏற்றிய போர்ட்டிகோ இருந்தால், மாநில அல்லது உள்ளூர் ஆய்வுத் துறை பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படியொரு துறை இல்லாத இடத்தில் கட்டமைப்புப் பொறியாளர்.

இதெல்லாம் தேறிய பிறகுதான் விலை. மதிப்பீட்டை எழுதுவது படிவம் 1004சி-யில். விலையை ஒப்பிட எடுக்கும் விற்பனைகளில் குறைந்தது இரண்டு மேனுஃபாக்சர்ட் வீடுகளாக இருக்க வேண்டும். சிங்கிள் வைடுக்குச் சிங்கிள் வைடைத் தேடுவதே நியாயம். கிராமப்புறத்தில் விற்பனை கிடைக்காதபோது, பக்கத்தில் மனையிலேயே கட்டிய வீட்டை இழுத்துப்போட்டுச் சமாளிப்பதைவிட, தூரம் போயோ தேதியில் பின்னோக்கிப் போயோ தேடுவது மேல். மனையை வாடகைக்கு எடுத்து வீட்டை நிறுத்தும் பூங்காவில் விற்ற வீட்டின் விலையில் நிலம் இல்லை, மனையோடு விற்கும் வீட்டுக்கு அது ஜோடியாகாது. அளவிலும் ஒரு கண்ணி உண்டு: விளம்பரத்தில் 80 அடி என்பது பெரும்பாலும் 4 அடி இழுவைக் கொக்கியையும் சேர்த்து, சுவருக்குச் சுவர் 76தான். 16 அடி அகலத்தில் அது 64 சதுர அடி வித்தியாசம்.

ஆவணத்தில் வீடு இன்னும் வாகனம் போலத் தனி டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) இருந்தால் அதையும் மாற்றி, நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்தாகப் பதிய வேண்டும். டெக்சஸில் இதற்கு ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப் என்ற ஆவணம்.

அப்ரைசர் வரும் நாளில் ஸ்கர்ட்டிங் கதவின் முன் புல்வெட்டியும் பெயின்ட் டப்பாக்களும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறப்பு சிறியதென்றாலும் அவர் தலையும் தோளுமாவது உள்ளே போக வேண்டும். முடியாமல் திரும்பினால், இன்னொரு தடவை வரத் தனிக் கட்டணம் கேட்பார்.