விலை கூடின மெட்டல் டிடெக்டர் (மண்ணுக்குள்ள உலோகம் தேடுற மெசின்) வாங்கலாமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு

போன சனிக்கிழமை பின்னேரம் வைபரில ஒரு படம் வந்துது. வீட்டு வளவுக்குள்ள மாதுளைக்குப் பக்கத்தில முழங்கால் ஆழத்துக்கு ஒரு கிடங்கு, அடியில செம்மண் அப்பின ஒரு சாமான், நுனியில சின்னச் சின்னத் தகடா இறக்கை மாதிரி. "அண்ணை, உது தண்ணிப் பம்மின்ர பாகமோ? அலவாங்கு பட்டு டங்கெண்டு கேட்டுது, பிறகு கையாலதான் கிண்டினனாங்கள்" எண்டு கீழ எழுதியிருந்துது. எனக்குக் கை நடுங்கிப்போச்சு. உடன கோல் எடுத்துக் கத்தினன், ஒண்டையும் தொடாதேங்கோ, எல்லாரும் வளவை விட்டு றோட்டுக்கு வாங்கோ, சின்னப் பிள்ளையளை முதல்ல கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. அது மோட்டார் செல் எண்ட எறிகணையின்ர வால். தலைப்பக்கம் இன்னும் மண்ணுக்குள்ள.

அந்தத் தம்பி ரெண்டு மாசத்துக்கு முதல் கனடாவில இருந்து எடுத்து, "அண்ணை, டிடெக்டர் மலிஞ்சது வாங்கிறதோ, விலை கூடினது வாங்கிறதோ" எண்டு கேட்டவர். நான் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். அவர் எல்லாத்திலயும் விலை கூடினதை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

நான் ஒம்பது வருசம் மிதிவெடி அகற்றுற வேலை செய்தனான், கடைசியா முகமாலைப் பக்கம். இப்ப யாழ்ப்பாணத்தில எலக்ட்ரோனிக் சாமான் திருத்திற கடை வைச்சிருக்கிறன். இந்தக் கேள்வியோட வாற ஆக்கள் நெடுகவும் வருகினம், அவை பேராசைக்காரர் இல்லை, அதை முதல்ல சொல்லவேணும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி தென்மராட்சிக்கு நடந்தது, எத்தினை வீட்டில அம்மாமார் தாலிக்கொடியையும் காப்பையும் பால்மா டின்னிலயோ செம்பிலயோ போட்டுக் கிணத்தடியில தாட்டுப்போட்டு வெளிக்கிட்டவை, திரும்பி வரேக்க வீடும் இல்லை வேலியும் இல்லை, எந்த மரத்தடி எண்டும் தெரியேல்ல. அதைத் தேடுறது நியாயம். அதுக்காகத்தான் இவ்வளவு மினக்கெட்டு எழுதுறன்.

எனக்குச் சரியான கோவம் வாறது ஒரு கதைக்குத்தான். "விலை கூடினா ஆழமாப் போகும், பவுணை மட்டும் காட்டும்." ரெண்டும் பிழை.

ஆழத்தை எடுப்பம். மெசினின்ர கம்பிச் சுருளில, அதுதான் கொயில்ல, இருந்து போற காந்தப்புலம் தூரம் கூடக் கூட விழும், பட்ட சாமான்ல இருந்து திரும்பி வாறதும் அதே மாதிரி விழும், ரெண்டும் சேர்ந்து சின்னச் சாமான் ஒண்டின்ர ஆழம் ரெண்டு மடங்கானா மெசினுக்குக் கிடைக்கிற சிக்னல் 64 மடங்கு குறையும். 64 மடங்கு! காசை ரெண்டு மடங்கு குடுத்தா ஆழம் ரெண்டு மடங்கு வராது, பத்து மடங்கு குடுத்தாலும் வராது. ஒரு மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில பிடிச்சா அது நல்ல மெசின். ஆனா ஒரு பித்தளைச் செம்பு பெரிய சாமான், ஒரு முழத்தில கிடந்தாலும் 300 டொலர் சொச்சத்துக்கு விக்கிற கரெட் ஏஸ் 300 மாதிரி ஒண்டு காட்டிப்போடும். நீங்கள் தேடுறது என்ன எண்டுறதுதான் ஆழத்தைத் தீர்மானிக்கும், விலை இல்லை. பத்து மீற்றர் போகும், இருவது மீற்றர் போகும் எண்டு ஒருத்தன் வீடியோ போட்டா அதை அந்த இடத்திலயே மூடுங்கோ.

பவுண் கதை இன்னும் மோசம். மெசினுக்குப் பவுண் எண்டு ஒண்டு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது அந்த உலோகம் எவ்வளவு நல்லா மின்சாரம் கடத்துது, எவ்வளவு பெரிசு, இரும்புக் குணம் இருக்கோ எண்டதுதான். அதை வைச்சு ஒரு நம்பர் காட்டும். சின்ன மோதிரத்துக்கு வாற அதே நம்பர் சிகரெட் பெட்டியின்ர ஈயத்தாளுக்கும் சோடா டின்னின்ர வளையத்துக்கும் வரும். 300 டொலர் மெசினுக்கும் அப்பிடித்தான், ஆயிரம் டொலர் மெசினுக்கும் அப்பிடித்தான். சங்கிலியோ கதையே வேற, எங்கட ஆக்கள் இதைக் கேட்டா நம்புறேல்ல. பத்துப் பவுண் கொடியா இருந்தாலும் மெசின் அதை ஒரு பெரிய சாமானாப் பார்க்காது, கண்ணி கண்ணியா உதிரியாத்தான் பார்க்கும், கனதரம் கொக்கியோ தாலியோதான் சத்தம் போடும். நம்பாட்டி வீட்டில ஒரு மெல்லிய சங்கிலியை நிலத்தில போட்டு ஆட்டிப் பாருங்கோ.

இன்னொண்டு, வாங்கின எல்லாரும் செய்யிற பிழை இது. ஆணிச் சத்தம் தாங்கேலாம இரும்புக்குச் சத்தம் வராமல் அடக்கிற செட்டிங்கைப் போட்டுவிடுகினம். பால்மா டின் என்னத்தால செய்தது? இரும்புத் தகரம்! நகை இருக்கிற டின்னுக்கு மேலால நீங்கள் நடந்து போவியள், மெசின் வாயே திறக்காமல் விட்டுப்போடலாம்.

அப்ப விலை கூடினதுக்கு என்னத்துக்குக் காசு? மண்ணுக்கு. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணில இரும்புத் தாது கலந்திருக்கு, மலிஞ்ச மெசின் சிலது அந்த மண்ணையே உலோகம் எண்டு நினைச்சுக் குழம்பும், அதுக்கு மண்ணின்ர சிக்னலைக் கழிச்சுவிடுற 'கிரவுண்ட் பலன்ஸ்' வசதி வேணும், அது நடுத்தர விலையிலயே கிடைக்கும். உப்பு மண் எண்டாத்தான் உண்மையா விலை வித்தியாசம் தெரியும். போன வருசம் கசூரினா கடற்கரையில கலியாணம் கட்டி ரெண்டு கிழமையான பிள்ளை ஒண்டின்ர மோதிரம் அலை கரையில விழுந்துபோச்சு. கடையில திருத்தக் கிடந்த ஒத்தை ஃப்ரீக்வென்சி மெசினைக் கொண்டு போனன், ஈர மணலில வைச்ச உடன கீச்சுக் கீச்செண்டு ஒரே கத்தல், உப்புத் தண்ணியே அதுக்கு உலோகம் மாதிரி. பிறகு லண்டனில இருந்து வந்து நிண்ட ஒருத்தரிட்ட மைன்லாப் ஈக்குவினொக்ஸ் இருந்துது, கன ஃப்ரீக்வென்சியை ஒரே நேரத்தில ஓட்டுறது, கடற்கரைக்கெண்டு இருக்கிற செட்டிங்கில போட்டம். சத்தம் அடங்கிச்சு. கயித்தைக் கட்டி ஒவ்வொரு அடியா நடந்து, மூண்டு சோடா மூடி ஒரு சாவி எடுத்தாப்பிறகு அரைச் சாண் ஆழத்தில மோதிரம் வந்துது. அந்தப் பிள்ளை ஈர மணலோடயே அதை விரலில போட்டுது. கடற்கரையில தேடுற ஆளெண்டா அந்தக் கூடின காசு தகும், நானே வாங்கச் சொல்லுவன்.

ஆனா வீட்டு வளவுக்கு? அந்தத் தம்பி கொண்டு வந்தது ஏறக்குறைய 6000 டொலர் போற ஜிபிஎக்ஸ் 6000. அவுஸ்திரேலியாவில பொட்டல் காட்டில தங்கக் கட்டி தேடுறதுக்கெண்டு செய்தது, அதுக்கு அது அருமையான சாமான், நான் குறை சொல்ல மாட்டன். ஆனா அதில இரும்பைப் பிரிச்சுக் காட்டுற வசதி இல்லை, எல்லாத்துக்கும் கத்தும். எங்கட வளவு என்ன வளவு? கதியாலுக்கு அடிச்ச ஆணி, கூரைத் தகரம், தோட்டாக் கோது, செல் துண்டு, எல்லாம் சாண் சாணாக் கிடக்கு. அந்த மெசின் சத்தம் போடாத இடமே அந்த வளவில இல்லை, எது பலமாக் கத்திச்சுதோ அதைத் தோண்டியிருக்கினம். பலமாக் கத்தினது செல்.

வேலை செய்த காலத்தில காலமை காலமை மெசினைச் சோதனைத் துண்டில வைச்சுப் பார்த்துப்போட்டுத்தான் பாதைக்குள்ள இறங்குவம். ஒரு சத்தத்தையும் "உது ஆணி" எண்டு விடேலாது, ஒவ்வொண்டையும் முழங்காலில இருந்து பக்கவாட்டில மெல்ல மெல்ல மண்ணை எடுத்துத்தான் பார்க்கிறது, மேலால குத்துறதே இல்லை. பாகிஸ்தான் பி4, சீனாவின்ர டைப் 72 எண்ட மிதிவெடியள், இதுகளில உலோகம் துளியளவுதான், அதாலதான் இஞ்ச கன இடங்களில மெசினை வைச்சுப்போட்டு விறாண்டியால மண்ணை வாரி வாரி எடுத்தவை. உங்கட பொழுதுபோக்கு மெசின் பேசாம இருந்தா அந்த இடம் பாதுகாப்பு எண்டு அர்த்தம் இல்லை, தயவுசெய்து இதை மட்டும் மனசில வையுங்கோ. 2017 டிசம்பரில இலங்கை மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது, நிலம் முழுக்கத் துப்புரவாக்கக் கெடு 2028 யூன் வரைக்கும். வேலை இன்னும் நடக்குது, அதை மறந்து அலவாங்கைத் தூக்காதேங்கோ.

மெசினில ஒண்டு சத்தம் போட்டா அலவாங்கும் வேண்டாம் மண்வெட்டியும் வேண்டாம், சின்னக் கரண்டியால பக்கத்தால எடுங்கோ. உருண்டையாவோ நீட்டாவோ இறக்கையோட ஏதும் தெரிஞ்ச உடன கையை எடுங்கோ. படம் எடுக்கக் கிட்டப் போகாதேங்கோ! வந்த காலடியாலயே திரும்பி வந்து 119க்கு அடியுங்கோ, இல்லாட்டி கிராம சேவகரிட்டச் சொல்லுங்கோ. ஒருத்தரும் உங்களைப் பிடிச்சு அடைக்க மாட்டினம், செல் கிடக்கு எண்டு சொல்லுறது குற்றம் இல்லை. தோண்டத் தொடங்க முதலே உங்கட பக்கம் துப்புரவாக்கின இடமோ எண்டு கிராம சேவகர் மூலமா விசாரிக்கலாம்.

மெசினை வெளிநாட்டில இருந்து இறக்கிறதெண்டா சுங்கத்திட்டயும் பாதுகாப்பு அமைச்சிட்டயும் அனுமதி விசயத்தை எழுத்தில கேட்டுப்போட்டு இறக்குங்கோ. கந்தரோடையிலயோ கோட்டைப் பக்கமோ மெசினோட போற எண்ணம் இருந்தா இப்பவே விடுங்கோ, 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமத் தொல்பொருள் தேடித் தோண்டுறது குற்றம், சொந்தக் காணியெண்டாலும் குற்றம்தான். ஏமாத்துச் சாமானிலயும் கவனம். மைன்லாப், கரெட் எண்டு பெயர் குத்தின போலி நிறையச் சுத்துது, போன மாசமும் ஒண்டு திறந்தன், உள்ளுக்க இருந்த போர்ட் அந்தக் கம்பனியின்ரயே இல்லை. ரெண்டு பித்தளைக் கம்பி, ஒரு அன்ரனா, தூரத்தில இருந்தே பவுணைக் காட்டும் எண்டு விக்கிறதுகள் சுத்தப் பொய். ஏடிஇ 651 எண்டு ஒரு சாமானைக் குண்டு கண்டுபிடிக்கும் எண்டு ஈராக்குக்கு வித்த இங்கிலாந்துக்காரனுக்கு 2013இல பத்து வருசச் சிறை. அவன் அதுக்கு முதல் வித்தது 20 டொலர்கூடப் போகாத கோல்ஃப் பந்து தேடுற விளையாட்டுச் சாமானுக்கு வேற லேபல் ஒட்டி. அந்த ஏடிஇ 651ஐ நம்பிச் சோதனைச் சாவடியில நிண்டவை செத்திருக்கினம்.

வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. ஆரிட்டயாவது ஒண்டை அரை நாள் வாங்கி, உங்கட வளவிலயே, உங்களுக்குத் துப்புரவு எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச மூலையில, ஒரு செம்பை ஒரு முழத்திலயும் ஒரு மோதிரத்தை அரைச் சாணிலயும் தாட்டுப்போட்டு ஆட்டிப் பாருங்கோ. கடையில மேசைக்கு மேல ஆட்டிக் காட்டுறதை நம்பி எடுக்காதேங்கோ, காத்தில எல்லா மெசினும் கெட்டிக்கார மெசின்தான்.

அந்த வளவுக்குப் பொலிஸ் வந்து, கோர்ட் ஓடர் எடுத்து, செவ்வாய்க்கிழமை குண்டு செயலிழக்கச் செய்யிற ஆக்கள் வந்து செல்லைக் கொண்டு போட்டினம். தம்பியின்ர அம்மாவுக்கு எம்பத்தொரு வயசு. கதிரையில இருந்துகொண்டு, செம்பு மாதுளைக்குக் கிழக்கால இல்லை மேக்காலதான், தான்தான் தாட்டது, மேல அம்மிக்கல்லை உருட்டி வைச்சது எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. வளவு முழுக்கத் துப்புரவு எண்டு எழுத்தில வரட்டும் எண்டு தம்பிக்குச் சொல்லியிருக்கிறன். வந்தாப்பிறகு 6000 டொலர் மெசினைப் பெட்டியிலயே வைச்சுப்போட்டு, கடையில கிடக்கிற பழைய ஏஸ் மெசினோட நானே போறன். அம்மிக்கல்லு எங்க எண்டு அதுக்கிடையில தேடி வைக்கச் சொல்லியிருக்கு.