அது பூஞ்சை அல்ல, பக்கத்து மீனின் பல்

சென்ற வாரம் ஒருவர் நெகிழிப் பையில் ஓர் எல்லோ லேப் மீனைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்து, வாலில் பூஞ்சை பிடித்திருக்கிறது, எந்த மருந்தை ஊற்றலாம் என்று கேட்டார். வால் துடுப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருந்தது; விலாவில் செதில்கள் பெயர்ந்து, அந்தப் புண்ணின் மேல் பஞ்சுபோல் வெள்ளைப் படலம் படிந்திருந்தது. தொட்டியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று கேட்டபோது, இரண்டடித் தொட்டியில் ஆஸ்கார் ஒன்று, ஏஞ்சல் இரண்டு, ஆரட்டஸ் மூன்று, அடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீன் என்று பெருமையோடு அடுக்கினார். சக்கரைத் தவிர இவை எல்லாமே சிக்லிட் என்ற குடும்பத்து மீன்கள். அலங்கார மீன்களின் நோய்களைப் பார்ப்பதுதான் என் தொழில். இந்த மாதத்தில் இதே கதையோடு வந்தவர்களில் இவர் ஐந்தாமவர் என்பதால், இந்தக் கட்டுரையில் எங்காவது எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படலம் பூஞ்சைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பிற்பாடு வந்தது. முதலில் வந்தது கடி. மருந்து பூஞ்சையை அகற்றும், மீனும் தேறும், தேறிய மீனை அதே தொட்டியில் விட்டால் அடுத்த வாரம் மீண்டும் என் மேசைக்கு வரும், அல்லது வராமலே போகும். ஒரு தொட்டியில் ஒரே ஒரு மீனுக்கு மட்டும் துடுப்பு கிழிந்திருந்து மற்றவை பளபளப்பாக இருந்தால், நீரையோ கிருமியையோ குறை சொல்வதற்கு முன்பு அந்தப் பளபளப்பானவற்றைச் சந்தேகியுங்கள். நீர்மட்டத்தின் மூலையில், ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, உணவு போட்டாலும் இறங்கி வராத மீன் பெரும்பாலும் முதலில் துரத்தப்பட்ட மீன். நோய் அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான் இப்படிச் சொன்னவுடன் அவர் சொன்ன பதிலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்: "ஏழு மாதமாக ஒன்றாகத்தானே இருந்தன? குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பழகிவிடும் என்றார்களே!" இந்த ஒரு வாக்கியத்தால் செத்த மீன்களின் எண்ணிக்கை, நான் பார்த்தவரை, எந்தக் கிருமியால் செத்தவற்றையும்விட அதிகம். ஆகவே இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சிக்லிட்டுகள் சண்டையிடுவது அறிமுகம் இல்லாததால் அல்ல. இடத்துக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் சண்டையிடுகின்றன. குட்டிக்கு இவை இரண்டுமே தேவைப்படுவதில்லை. நான்கு சென்டிமீட்டர் மீன்கள் ஒன்றாக மேய்வதைப் பார்த்து நட்பு என்று நினைப்பது, இன்னும் பூப்பெய்தாத உயிரின் குணத்தை அதன் நிரந்தரக் குணம் என்று நம்புவதாகும். எட்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஆண் முதிர்ச்சியடையும்போது அது ஒரு பாறையையோ குழியையோ தனதாக்கிக்கொள்கிறது; அன்றிலிருந்து அந்த எல்லைக்குள் வரும் எதுவும், எத்தனை மாதம் கூட வளர்ந்திருந்தாலும், அதற்கு எதிரிதான். சிக்லிட்டுகள் கூட வளர்ந்த மீன்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண வல்லவை என்பது உண்மை. ஆனால் கூட வளர்ந்த அறிமுகத்தை நம்பி, முதிர்ந்த ஆண் எல்லைச் சண்டையைக் கைவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆரட்டஸில் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம்: குட்டிகளும் பெண்களும் மஞ்சள் உடலில் கருங்கோடுகளோடு இருக்க, முதிர்ந்த ஆணின் உடல் கறுத்துக் கோடுகள் வெளிறிவிடுகின்றன. வந்தவர் அதைப் பார்த்து, மீனுக்கு நிறம் ஏறிவிட்டதென்று மகிழ்ந்து படமெடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தில் இருந்ததுதான் கொலைகாரன்.

ஆரட்டஸின் சொந்த இடமான ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலும் இதே மீன் முரடுதான். ஆனால் அங்கே துரத்தப்பட்ட மீன் இரண்டு பாறை தள்ளிப் போய்விட்டால் விவகாரம் முடிந்தது. அறுபது சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் தோற்றவன் தப்பிப்போக இடமே இல்லை, ஆகவே சண்டை முடிவதும் இல்லை. ஆஸ்கார் விஷயம் இன்னும் எளிது. அதற்குப் பகை எதுவும் தேவையில்லை, வாய்க்குள் நுழைவதை விழுங்கும். ஐந்து சென்டிமீட்டரில் விற்கப்படும் அந்த மீன் முப்பது சென்டிமீட்டரை எட்டக்கூடியது, பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதை வாங்குகிறவர்களில் பலர் இந்த இரண்டு எண்களையும் என்னிடம்தான் முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

சிக்லிட் என்பது ஒரு மீனின் பெயரல்ல. 1,700க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு குடும்பத்தின் பெயர். திலாப்பியாவும் அதில்தான் இருக்கிறது, டிஸ்கஸும் அதில்தான் இருக்கிறது. எல்லாம் சிக்லிட்தானே என்று மலாவி ஏரி மீனையும் அமேசான் மீனையும் ஒரே நீரில் விடுகிறார்கள். மலாவியின் நீர் காரத்தன்மையுள்ளது, அதாவது அமில-கார அளவான பி.எச். ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை, அமேசான் படுகையின் கறுப்பு நீரோடைகளில் அது 6க்கும் கீழே போகும். நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து இரண்டையும் சமாளித்துவிடலாம் என்பவர்கள் இரு தரப்பையும் அரைகுறையாக வாழவைக்கிறார்கள். தொழில் சார்ந்த ஒரு குறிப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியாவின் நச்சு வடிவம் பி.எச். ஓர் அலகு ஏறும்போது ஏறக்குறைய பத்து மடங்காகிறது. எனவே பி.எச். 7 உள்ள தொட்டியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட அதே அம்மோனியா அளவு, பி.எச். 8 உள்ள மலாவித் தொட்டியில் மீனைக் கொன்றுவிடக்கூடும். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும்வரை தொட்டியைப் பல வாரங்கள் ஓடவிட்டுப் பதப்படுத்திய பிறகே மீன் விட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

அப்படியானால் தொடங்குகிறவர் எதைத்தான் வளர்ப்பது? முதலில் தொட்டியை அளந்துகொள்ளுங்கள். மீனைப் பிறகு தேர்ந்தெடுங்கள். இரண்டடித் தொட்டி மட்டுமே இருந்தால் கிரிபென்சிஸ் என்ற சிறிய சிக்லிட் ஒரு ஜோடி, மேல்மட்டத்தில் நீந்தும் சிறு மீன்கள் சில, அவ்வளவுதான். குஞ்சு பொரித்தால் அந்த ஜோடி தரையை முழுதும் தனதாக்கிக்கொள்ளும் என்பதால் கோரிடோராஸ் போன்ற அடிமட்ட மீன்களைச் சேர்க்காதீர்கள். கண் பறிபோன கோரிடோராஸை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்க்க வேண்டாம். ராம் என்ற இன்னொரு சிறிய சிக்லிட் மீது ஆசை என்றால், கடையில் கண்ணைப் பறிக்கும் நீல ராமை விட்டுவிட்டு, நிறம் குறைந்தாலும் உடல் வலுவுள்ள பொலிவியன் ராமை எடுங்கள். ஏஞ்சலுக்குத் தொட்டியின் நீளத்தைவிட உயரம் முக்கியம், 45 சென்டிமீட்டராவது வேண்டும். அதனோடு நியான் டெட்ரா என்ற சின்னஞ்சிறு மீனை விடுவது அதற்கு இரை போடுவதற்குச் சமம்.

நான்கடித் தொட்டி, அதாவது 120 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 240 லிட்டரும் உள்ளவர்கள்தான் ம்புனா எனப்படும் மலாவிப் பாறை மீன்களை நினைத்துப் பார்க்கலாம். எல்லோ லேப், ரஸ்ட்டி, அசேய் ஆகிய மூன்றும் அந்தக் கூட்டத்திலேயே சாந்தமானவை. மஞ்சள், பழுப்பு, நீலம் என்று நிறத்திலும் வேறுபட்டவை. நிறம் வேறுபடுவது அழகுக்காக மட்டும் அல்ல. ஆண் மீன் தன்னைப் போன்ற தோற்றமுள்ளதைத்தான் முதலில் போட்டியாளனாக எண்ணித் தாக்குகிறது. ஒரே மாதிரிக் கோடு போட்ட இரண்டு இனங்களைச் சேர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும், கலப்பினக் குஞ்சுகளும் பிறக்கும். ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண்கள் என்ற கணக்கில் மொத்தம் பதினைந்து வரை விடலாம். கூட்டம் சற்று அடர்த்தியாக இருந்தால் அடி ஒரே மீன் மீது விழாமல் பரவும். ஆனால் அந்த அடர்த்திக்கு ஏற்ற ஃபில்டரும், வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றும் பொறுமையும் இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டெமாசோனி என்ற ம்புனாவைக் கேட்காதீர்கள், பன்னிரண்டுக்குக் குறைவாக வாங்கினால் அவை ஒன்றையொன்று கொன்று கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். ஆரட்டஸ் கேட்கவே கேட்காதீர்கள். ஃப்ளவர்ஹார்ன் என்ற கலப்பின சிக்லிட் என்றால் ஒரு தொட்டிக்கு ஒன்று, துணை கிடையாது.

பாறைகளைக் கண்ணாடித் தளத்தின் மீதே நிறுத்திவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள்; இல்லையேல் மீன் மணலைத் தோண்டப் பாறை சரியும். புதிய மீன் சேர்க்கும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லைகள் கலைந்துவிட்டால் எல்லா மீன்களும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். சண்டை முற்றிவிட்டால் கடி வாங்கிய மீனைப் புண் ஆறத் தனியே வையுங்கள், கடித்த மீனையும் அதே நாளில் பிடித்து ஒரு வாரம் வேறு தொட்டியில் போடுங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் சற்று அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், இல்லையேல் இடமுள்ள வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். தயவுசெய்து குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா நீர்நிலைகளில் இன்று ஆஸ்கார் பெருகிக் கிடப்பது மனிதர் கொண்டுவிட்ட மீன்களால்தான்.

இனி என்னைப் பார்க்க வருகிறவர்கள், நோயுற்ற மீனைப் பையில் போட்டு அலைக்கழிப்பதற்கு முன்பு, தொட்டியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்து பத்து நிமிடம் காணொளி எடுத்து வாருங்கள். தொட்டியின் நீள அகல உயரம், அதிலுள்ள ஒவ்வொரு மீனின் பெயர், நீளம், வாங்கிய மாதம் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அந்த எல்லோ லேப் மீனுக்கு இப்போது புண் ஆறிவிட்டது, வாலும் வளரத் தொடங்கியிருக்கிறது; ஆனால் அது இன்னும் என் தனித்தொட்டியில்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஆரட்டஸ் ஆணை என்ன செய்யப்போகிறார் என்று அதன் உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை.