பொதுப் பொறுப்புக் காப்பீடு: சிறு தொழிலுக்குக் கட்டாயமா?

"பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, எடுக்காவிட்டால் அபராதம்" என்று பயமுறுத்தி பாலிசி விற்பவர்கள் உண்டு. உங்கள் தொழிலால் வெளியாட்களுக்கு நேரும் பாதிப்புக்கு நீங்கள் தர வேண்டிய நஷ்டஈட்டை ஏற்கும் காப்பீடு இது. சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அது தையல் கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ எழுதப்பட்டதல்ல.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். உடனடி நிவாரணமாவது கிடைக்க வேண்டும் என்று வந்ததுதான் 1991-ம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். அபாயகரமான பொருட்களை அரசு அறிவித்த அளவிலோ அதற்கு மேலோ கையாள்பவர்களுக்கே அது கட்டாயம். தயாரிப்பது மட்டுமல்ல, கிடங்கில் வைப்பதும் வண்டியில் ஏற்றிச் செல்வதும் கையாள்வதில் சேரும். ரசாயனக் கிடங்கு வைத்திருப்பவர், சிறிய இடம்தானே என்று இருந்துவிடாமல் அந்த அளவுப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். பாலிசி எடுக்கும்போது பிரீமியத்துக்கு இணையான தொகையைச் இத்தகைய விபத்துகளில் நிவாரணம் தருவதற்கான சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் செலுத்த வேண்டும்.

இந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமான அம்சம் ஒன்று உண்டு: உரிமையாளர் தவறு செய்தார் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து நடந்து 5 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். கூடியவரை 3 மாதத்துக்குள் ஆட்சியர் அதை முடிக்க வேண்டும்.

சரி, மற்ற சிறு தொழில்களுக்கு? இந்தச் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஈரத் தரையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டால், உங்கள் அஜாக்கிரதைதான் காரணம் என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியும். தனி உரிமையாளர் தொழில் என்றால் கடை வேறு, நீங்கள் வேறு அல்ல; தீர்ப்பு சொந்த வீடு வரை வரலாம். நான் சொல்வேன், வெளியாட்கள் வந்து போகும் தொழிலுக்கு இது தேவைதான். சட்டக் கட்டாயத்தின் கீழ் வராத பொதுப் பொறுப்பு பாலிசி என்று தெளிவாகக் கேளுங்கள். கடைக்காரர்களுக்கான பேக்கேஜ் பாலிசிகளிலும் இது ஒரு பிரிவாகக் கிடைக்கும். 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது தீ, வெள்ளம் போன்றவற்றிலிருந்து உங்கள் கட்டடத்தையும் சரக்கையும் காப்பது. அடுத்தவருக்கு நேர்ந்த காயத்துக்கு அதில் பணம் வராது.

பாலிசியில் இரண்டு உச்சவரம்புகள் இருக்கும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓர் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு. வக்கீல் செலவும் பொதுவாக இந்த வரம்புக்குள்ளேயே அடங்கும் என்பதால் தொகையை ரொம்பவும் குறைத்து எடுக்க வேண்டாம். உங்கள் ஊழியருக்கு அடிபட்டால் இதில் வராது, அதற்குத் தனிக் காப்பீடு. விற்ற பொருளால் வந்த பாதிப்புக்கும் தொழில்முறை ஆலோசனையில் நேர்ந்த பிழைக்கும் வேறு பாலிசிகள் இருக்கின்றன. சமையல் கான்ட்ராக்டராக இருந்தால், சாப்பாட்டால் வரும் உடல்நலக் கேட்டுக்குக் கூடுதல் கவர் உண்டா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது தேதிகளை. இந்த பாலிசிகளில் பெரும்பாலானவை, விபத்து நடந்தபோது நடப்பில் இருந்தால் மட்டும் போதாது, நஷ்டஈட்டுக் கோரிக்கை உங்களிடம் வரும்போதும் நடப்பில் இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் எழுதப்படுகின்றன. எந்தத் தேதிக்குப் பின் நடந்த விபத்துகள் சேரும் என்றும் பாலிசியில் இருக்கும். இடையில் ஓர் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பழைய தேதி போய்விடலாம், முன்பு கட்டிய பிரீமியமும் வீண். அப்புறம், வக்கீல் நோட்டீஸ் வந்ததும் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். அவர்களைக் கேட்காமல் தவற்றை ஒப்புக்கொண்டோ பேசி முடித்தோ விட்டால், அதையே காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க இடமுண்டு.

மறுத்தால், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனி உரிமையாளர் தொழில்களும் குறு நிறுவனங்களும் அங்கே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகருக்கும் காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது.