களி இருந்தாலே மணற்கல் கெட்டதா?

போன வாரம் என் மேசைக்கு ஓர் அறிக்கை வந்தது. எண்ணெய்க் கிணறு ஒன்றில் 4.5 கிலோமீட்டர் ஆழத்தில் எடுத்த மணற்கல், எக்ஸ்ரே சோதனையில் 8 சதவீதம் குளோரைட் என்ற களிக் கனிமம். அதற்குக் கீழே ஒரே வரி: "களி அதிகம், தேறாது." தின் செக்‌ஷன் (நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாகச் சீவிய பாறைத் துண்டு) வெட்டி யாரும் பார்க்கவே இல்லை. இந்த வருடத்தில் இப்படி வருவது மூன்றாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்ணெய் தங்க வேண்டிய துளையைக் களிக் கனிமம் அடைக்கும் என்று கல்லூரியில் படித்தோம். பல பாறைகளில் அது உண்மையும்கூட. ஆனால் ஆழம் கூடக்கூட, மணற்கல்லின் துளைகளை மூடுகிற வேலையைப் பெரும்பாலும் செய்வது குவார்ட்ஸ். 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நீரில் கரைந்த சிலிக்கா மணல் துகள்களின் மேல் படிய ஆரம்பிக்கிறது. சூடு ஏற ஏற வேகமும் கூடுகிறது.

கற்கண்டு காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பாகில் தொங்கும் நூலில் முதலில் சின்னப் படிகம் பிடிக்கும். அப்புறம் அந்தப் படிகத்தின் மேல்தான் அடுத்த அடுக்கு வளரும். குவார்ட்ஸும் அப்படித்தான்: புதிது வளர, பழைய குவார்ட்ஸின் வெறும் முகம் வேண்டும். துகளைச் சுற்றிச் சில மைக்ரான் தடிமனில் குளோரைட் ஒட்டியிருந்தால் அந்த முகம் கிடைக்காது. சிலிக்கா நீரில் நிறைய இருந்தாலும் ஒட்ட இடமில்லை, துளை துளையாகவே நிற்கிறது. அடைக்கும் என்று நாம் பயந்த களிதான் இங்கே துளையைக் காப்பாற்றுகிறது!

லூசியானாவின் டஸ்கலூசா மணற்கல் கிரெட்டேசியஸ் காலத்தது. 6 கிலோமீட்டருக்கும் கீழே அதில் 25 சதவீதம் வரை நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) அளந்திருக்கிறார்கள். துகள்களில் குளோரைட் பூச்சு. நார்வேயின் கடலடி ஜுராசிக் மணற்கற்களில் இதே கதையைப் புவியியலாளர் எரன்பெர்க் 1993-லேயே விரிவாக எழுதிவிட்டார். இவ்வளவு வருடம் கழித்தும் "களி அதிகம், தேறாது" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சதவீதம் மட்டும் எதையும் சொல்லாது. 8 சதவீதம் குளோரைட் துகள்களைச் சீராகப் போர்த்தியிருந்தால் ஒரு பாறை, துளைகளின் கழுத்தில் திணிந்திருந்தால் வேறு பாறை. பூச்சில் ஓட்டை விழுந்திருந்தால் அந்த ஓட்டை வழியாகவே குவார்ட்ஸ் முளைத்து வெளியே வரும். மேலே கிடக்கும் படிவங்களின் பாரத்தில் துகள்கள் நெருங்குவதையும் இந்தப் பூச்சு தடுக்காது. குளோரைட் என்ற பெயரைப் பார்த்ததும் நல்ல பாறை என்று முடிவு கட்டுவதும் தப்புதான்.

இலைட் என்ற இன்னொரு களிக் கனிமம் தனிக்கதை. அது மயிரிழை போல வளர்ந்து துளைகளுக்குள் பின்னிக்கொள்ளும். நுண்துளைமை அவ்வளவாகக் குறையாது, துளைகள் வழியாகத் திரவம் ஓடும் திறன், அதாவது ஊடுருவுதிறன், மட்டும் படுத்துவிடும். இந்த மாதிரியைச் சாதாரணமாகக் காயவைத்தால் இழைகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அளந்தால் நிஜத்தைவிட அதிக ஊடுருவுதிறன் வரும். அந்த எண்ணை நம்பிக் கிணற்றின் உற்பத்தியைக் கணக்குப் போடுவார்கள். தயவுசெய்து கிணற்றிலிருந்து எடுத்த பாறை மாதிரியை அடுப்பில் வைத்துச் சுடாதீர்கள். ஈரத்தோடு சுற்றி, மூடி அனுப்புங்கள்.

லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் அளவீடு) பார்ப்பவர்களுக்கு ஒன்று. குளோரைட்டில் பொட்டாசியம் இல்லை, கதிரியக்கத்தை அளந்து களியைக் காட்டும் காமா லாக்கை மட்டும் நம்பினால் கோட்டைவிடுவீர்கள். பூச்சுக்குள் இருக்கும் மிக நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் மின்தடை குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து எண்ணெய் இல்லாத நீர் மண்டலம் என்று மூடிவிட்டுப் போகாதீர்கள்.

துளைகளைத் திறக்கக் கிணற்றில் அமிலம் விடப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பாறைகளில் வரும் குளோரைட்டில் பெரும்பாலும் இரும்பு அதிகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் கரைக்கும். அமிலத்தின் வீரியம் தீர்ந்ததும் அந்த இரும்பு ஹைட்ராக்சைடு கூழாகப் படிந்து, நீங்கள் திறக்கப் போன துளையையே அடைத்துவிடும். இரும்பைப் பிடித்து வைக்கும் சிட்ரிக் அமிலம் போன்றதைச் சேர்க்காமல் இறக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிவாவது ஒரு தின் செக்‌ஷனிலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த சில படங்களிலும். கிணறு தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அந்த 4.5 கிலோமீட்டர் மாதிரியில் மிச்சம் ஒரு துண்டு இருக்கிறதாம். அனுப்பச் சொல்லியிருக்கிறேன், காயவைக்காமல்.