ஷஹ்வத்தைக் கண்டதும் 'காமம்' என்று எழுதாதீர்கள்

மறுபடியும் அதே பிழை. பழைய அரபு மருத்துவ நூலின் தமிழாக்கம், இரைப்பை நோய்கள் பற்றிய பகுதி. ஷஹ்வத் என்ற அரபுச் சொல்லைப் பார்த்துவிட்டு, நோயாளிக்குக் 'காமம் குறைந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறது. குறைந்தது பசி ஐயா!

ஷஹ்வத் என்றால் மனம் ஒன்றை நாடுவது. எதை நாடுகிறது என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்லும். தஆம் சேர்ந்தால் உணவு, ஜிமாஉ சேர்ந்தால் புணர்ச்சி. குர்ஆன் 3:14 ஷஹவாத் என்ற பன்மையில் பெண்களையும் ஆண்மக்களையும் சொல்லி, கூடவே பொன், வெள்ளி, குதிரை, கால்நடை, விளைநிலம் என்று அடுக்குகிறது. விளைநிலத்தின் மேல் யாருக்குக் காமம் வரும்? 7:81இல் அது உடல் இச்சைதான். அதையும் அந்த வாக்கியம்தான் காட்டிக்கொடுக்கிறது.

மருத்துவ நூல்களில் வரும் ஷஹ்வத் கல்பிய்யா எவ்வளவு தின்றும் அடங்காத பசி, நாய்ப்பசி. தமிழெழுத்தில் 'கல்ப்' என்று பார்த்துவிட்டு 'உள்ளத்தின் வேட்கை' ஆக்கிவிடுகிறார்கள். அரபியில் காஃப் இரண்டு. தொண்டையடியில் பிறக்கும் காஃப் இருந்தால்தான் அது இதயம், மற்றது நாய். மூலத்தின் எழுத்தைப் பாருங்கள்.

உடல் கிளர்ச்சிக்கென்றே சொற்கள் இருக்கின்றன. குல்மா, பொங்கியெழும் புணர்ச்சி வேட்கை. ஆண், பெண், ஒட்டகம் எல்லாருக்கும் வரும். ஷபக்கும் கடும் வேட்கையே. இன்ஆள் ஆண்குறியின் விறைப்பு. அது உடலின் நிலை, ஆசை அன்று. குழப்பினால் மருந்துக் குறிப்பே தடம் மாறிவிடும். இஷ்க் காதல் ஏக்கம். பழைய மருத்துவ மேதை இப்னு சீனா அதை மூளை நோய்களோடு வைத்து, பெயர்களைச் சொல்லிக்கொண்டே நாடி பார்த்து, துடிப்பு மாறும் இடத்தில் காதலிக்கப்படுபவரைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். விலங்குகளின் புணர்ச்சி வேட்கைக்கு வேறு வினைகள்: மொழியறிஞர் ஸஆலிபி (இறப்பு 1038) தம் சொல்நூலான ஃபிக்ஹுல் லுகாவில் ஆண் ஒட்டகத்துக்கு ஹாஜ, பெண் குதிரைக்கு இஸ்தவ்தகத் என்று பிரித்து வைக்கிறார். யானைக்கு மதம் பிடிக்கும், பசு காளைக்குக் கத்தும் என்று நாம் சொல்லவில்லையா?

தற்கால அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு பழைய நூலில் இறங்காதீர்கள். ஜின்ஸ் இன்று பாலுறவையும் குறிக்கும். பழைய தர்க்க நூலில் அது பேரினம். பழைய அரபு அகராதியான லிஸானுல் அரபின் மரபு வரிசைப் பதிப்பில் வேரின் கடைசி எழுத்தைக் கொண்டு தேடவேண்டும். குல்மா மீம் பாபில் (அதிகாரத்தில்), அதற்குள் முதலெழுத்தான கைன் பகுதியில். ஷபக் தொண்டையடிக் காஃப் பாபில், ஷீன் பகுதியில். முதலெழுத்தில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று ஊகித்து எழுதுவதை முதலில் நிறுத்துங்கள்.

ஷஹ்வத்துக்கு என்ன எழுதுவது என்று ஐயம் வந்தால், தயவுசெய்து, 'வேட்கை' என்று எழுதிவிடுங்கள். உணவுக்கும் பொருந்தும், உடலுக்கும் பொருந்தும்.