ஸ்பான்சர் விசாவும் நன்றிக்கடனும்: ஆஸ்திரேலியப் பிராந்திய ஊர்களின் சமையலறை வேலைகள்

ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிவரவு முகவராகப் பணிபுரியும் எனக்கு, பெருநகரங்களுக்கு வெளியே உணவகமும் மோட்டலும் நடத்துவோரிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியே தொடங்குகின்றன. சாப்பிட ஆள் வருகிறார்கள், சமைக்கத்தான் ஆள் இல்லை என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் அடுப்பை அணைத்து வைப்பவர்களையும், உரிமையாளரும் மனைவியுமே பதினான்கு மணி நேரம் நின்று சமைத்து உடல் தளர்ந்து போனவர்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தட்டுப்பாடு வெறும் புலம்பல் இல்லை. பிராந்திய ஊர்களின் உணவகங்கள் நெடுங்காலமாக, வேலையோடு கூடிய விடுமுறை விசாவில் வரும் இளைஞர்களையே நம்பியிருந்தன. 2020 மார்ச் 20 அன்று எல்லை மூடப்பட்டபோது அந்த வரத்து ஒரே நாளில் நின்றது. 2022 பிப்ரவரி 21 அன்று எல்லை முழுமையாகத் திறந்தபோது, சமையலறையை விட்டுப் போயிருந்த பலர் வேறு தொழிலில் நிலைத்துவிட்டிருந்தார்கள். விடுமுறை விசாவில் வருபவர் பொதுவாக ஒரு முதலாளியிடம் ஆறு மாதமே வேலை செய்யலாம். சர்வதேச மாணவர்களோ பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். 2023 ஜூலை முதல், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும் அவர்களுக்கு உண்டு. ஆகவே ஓர் ஊரில் சில ஆண்டுகளாவது தங்கக்கூடிய சமையல்காரரை வெளிநாட்டிலிருந்து ஸ்பான்சர் செய்து, அதாவது முதலாளியே அரசிடம் பொறுப்பேற்று வேலை விசாவில், அழைப்பது பல உரிமையாளர்களுக்குத் தவிர்க்க முடியாத வழியாகிவிட்டது.

வழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று 482 என்ற எண் கொண்ட தற்காலிக வேலை விசா. 2024 டிசம்பர் 7 முதல் அது புதிய பெயரோடும் திருத்திய விதிகளோடும் நடைமுறையில் இருக்கிறது, ஓராண்டு முழுநேர அனுபவம் இதற்குப் போதும். மற்றொன்று 2019 நவம்பரில் வந்த 494 பிராந்திய விசா. ஐந்து ஆண்டு செல்லும் இதற்கு மூன்று ஆண்டு அனுபவமும், திறன் மதிப்பீடும், பொதுவாக 45 வயதுக்கு உட்பட்டிருப்பதும் வேண்டும், மூன்று ஆண்டு பிராந்தியத்தில் வாழ்ந்து வேலை செய்தபின் 191 நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிராந்தியம் என்றதும் பாலைவனத்து ஊர் என்று அஞ்ச வேண்டியதில்லை. குடிவரவு விதிப்படி சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் நீங்கலாக மற்ற இடங்கள் எல்லாம், பெர்த்தும் கோல்ட் கோஸ்ட்டும் உட்பட, பிராந்தியமே.

சமையல்காரர், தலைமைச் சமையல்காரர், உணவக மேலாளர் ஆகிய வேலைகளுக்கு இந்த வழிகள் உண்டு. பரிமாறுபவரையோ பாத்திரம் கழுவுபவரையோ சாதாரண 482 விசாவில் அழைக்க முடியாது. துரித உணவுக் கடைகளின் சமையல் இடங்களுக்கும் தடை உண்டு. டார்வின், கெய்ர்ன்ஸ், வாரனம்பூல் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு அரசு தனி ஒப்பந்தங்களின் வழியே சில தளர்வுகளைத் தந்திருக்கிறது. தம்பி மகனைச் சமையல்காரர் என்று காட்டி அழைத்து வந்து கல்லாவில் உட்கார வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: கூடாது. எந்த வேலைக்கு நியமனம் (இன்னாரை இந்த வேலையில் அமர்த்துகிறேன் என்று ஸ்பான்சர் அரசிடம் தரும் விண்ணப்பம்) அனுமதிக்கப்பட்டதோ அந்த வேலையையே அவர் செய்ய வேண்டும்.

பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன. 482 விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலை 1 அன்று 76,515 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. அதே வேலையைச் செய்யும் உள்ளூர்க்காரர் அதைவிடக் கூடுதலாகப் பெறுவார் என்றால் அந்தக் கூடுதல் தொகையையே தர வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் தருகிறோம், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று உரிமையாளர்கள் கேட்பதுண்டு. அவற்றைக் கழித்தபின் நிற்கும் ரொக்கச் சம்பளமே அந்த வரம்பைத் தொட வேண்டும். ஸ்பான்சராக அனுமதி பெறும் கட்டணம் 420 டாலர், நியமனக் கட்டணம் 330 டாலர். இவற்றோடு, ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்குக் குறைவான நிறுவனம் 482 விசாவில் ஆண்டுக்கு 1,200 டாலர் வீதம் பயிற்சி நிதியாக முன்கூட்டியே கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கு அது 4,800 டாலர் ஆகிறது. இந்த மூன்று கட்டணங்களையும், ஆள் தேடிய செலவையும், ஸ்பான்சர் பக்கத்து வேலைக்காக முகவருக்குத் தந்த கூலியையும் தொழிலாளியிடமிருந்து எந்த வடிவிலும் திரும்பப் பெறக் கூடாது. தொழிலாளி எழுத்தில் கேட்டால், அவர் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவும் ஸ்பான்சருடையதே.

ஆனால் ஸ்பான்சர் பண்ண இத்தனை லட்சம் என்று விலை பேசும் ஆட்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள், இங்கும் இருக்கிறார்கள். ஸ்பான்சர் செய்வதற்குக் கைம்மாறாகப் பணமோ வேறு ஆதாயமோ பெறுவது 2015 டிசம்பர் முதல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கொடுப்பவரும் தப்ப முடியாது. அபராதமும் விசா ரத்தும் அவருக்கு வரலாம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வருபவரிடம் இதைச் சொல்ல நேரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாகத்தான் இருக்கிறது.

சட்டத்தில் எழுதப்படாத ஒரு பொருள் நம்மவர்களுக்குள் இந்த ஏற்பாட்டை மிகவும் சிக்கலாக்குகிறது, அதுதான் நன்றிக்கடன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பரோட்டா மாஸ்டர் அவர். ஸ்பான்சர் செய்தவரும் அதே பக்கத்துக்காரர், அவரை இவர் அண்ணாச்சி என்றே அழைப்பார். வாரத்துக்கு 38 மணி நேரம் என்ற ஒப்பந்தம் 60 மணியைத் தாண்டியது. முழுச் சம்பளமும் வங்கிக்கு வந்தது, ஆனால் ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு பங்கை ரொக்கமாக எடுத்து அண்ணாச்சி கையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நால்வர் படுக்கும் அறைக்குத் தனியாக வாடகைப் பிடித்தமும் இருந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "என்ன இருந்தாலும் கூட்டிட்டு வந்தவரு சார், அவரக் குறை சொல்லப்படாது" என்றார் அவர். அந்த உரிமையாளரோ, ஒரு குடும்பத்துக்கு வாழ்வு கொடுத்தவன் என்றே மனதாரத் தம்மை நம்பிக்கொண்டிருந்தார்.

என் பார்வையில் இருவரும் ஒரே தவற்றைச் செய்தார்கள். ஸ்பான்சர் செய்ததை ஒருவர் உபகாரமாக எண்ணினார், மற்றவர் அதைக் கடனாக ஏற்றார். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று 28 நாள் விளம்பரம் செய்து நிரூபித்த பிறகே உரிமையாளர் அவரை அழைத்தார். அந்த மாஸ்டர் வராமல் இருந்திருந்தால் கடையின் அடுப்பு எரிந்திருக்காது. கொடுத்ததற்கும் பெற்றதற்கும் கணக்குச் சம்பளச் சீட்டோடு முடிந்துவிடுகிறது.

சட்டமும் இப்போது தொழிலாளியின் பக்கம் முன்பைவிட நெருங்கி வந்திருக்கிறது. முன்பு ஸ்பான்சரை விட்டு விலகியவருக்குப் புதியவரைத் தேட 60 நாளே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாளும், விசாக் காலம் முழுவதற்கும் 365 நாளும் உண்டு, அந்த இடைவெளியில் வேறு இடத்தில் வேலை செய்து பிழைக்கவும் தடையில்லை. விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது அதே நாளிலிருந்து குற்றமாகிவிட்டது. வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றம். சம்பளப் புகார்களைக் கேட்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் அலுவலகத்தின் எண் 13 13 94. ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.

புறப்படும் முன்னரே கவனிக்க வேண்டியது அனுபவச் சான்று. நம் ஊர் ஹோட்டல்களில் பதினைந்து ஆண்டு தோசைக் கல்லின் முன் நின்றவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இருப்பதில்லை. சம்பளம் கையில் வாங்கியிருப்பார், வருங்கால வைப்பு நிதி பிடித்திருக்க மாட்டார்கள். இந்தக் குறையைப் பொய்ச் சான்றிதழால் நிரப்பித் தருவதாகச் சொல்பவரிடம் போகவே கூடாது, ஏனெனில் போலி ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலான விசாக்களுக்கு மூன்று ஆண்டு கதவடைப்பு. இன்றே கடை முதலாளியிடம் வங்கி வழியாகச் சம்பளம் கேட்டுப் பெறத் தொடங்கினால், ஓராண்டில் உண்மையான சான்று கையில் இருக்கும்.

உரிமையாளர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் வந்து சேரும் முன் வீடு பார்த்து வையுங்கள். பிராந்திய ஊர்களில் வாடகை வீடு கிடைப்பது மிகக் கடினம். வந்தவர் ஆறே மாதத்தில் விலகிப் போவதற்குச் சம்பளத்துக்கு அடுத்த காரணமாக நான் கண்டது வீடுதான். குடும்பத்தோடு தங்க ஒரு வீடும், பிள்ளைக்குப் பள்ளியும் அமைந்த இடங்களில் சமையல்காரர்கள் விசா முடிந்த பின்னும் அதே ஊரில் இருக்கிறார்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பதானால் எழுத்தில் சம்மதம் வாங்கி, நியாயமான தொகையாக, சம்பளச் சீட்டில் தெரியும்படி பிடியுங்கள்.

மேலே சொன்ன மாஸ்டர் பல வாரத் தயக்கத்துக்குப் பிறகு அண்ணாச்சியின் கடையை விட்டு விலகினார். ஐந்தாம் மாதம் வேறோர் ஊரில் ஒரு மோட்டல் உணவகம் அவரை நியமித்தது. அங்கே கிடைத்த முதல் சம்பளச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பிடித்தம் என்ற இடத்தில் வருமான வரி மட்டுமே இருந்தது.