எண்ணுணர்வு: 'நம்பர் சென்ஸ்' என்பதற்கு எது சரியான தமிழ்?

வெள்ளவத்தையில் முன்பள்ளி ஆசிரியைகளுக்காக நடந்த ஒரு செயலமர்வு. திரையில் 'நம்பர் சென்ஸ்' என்று ஆங்கிலத் தலைப்பு ஓடியது. கையில் கொடுத்த தமிழ்த் தாளில் 'எண்ணறிவு' என்று இருந்தது. தாளைத் தமிழாக்கியது நான்தான். நடுவரிசையில் இருந்த ஒரு டீச்சர் எழுந்து கேட்டார்: "என்ட வகுப்புப் பிள்ளையள் நூறு வரைக்கும் பிழையில்லாமல் சொல்லுவினம். அப்ப அவையளுக்கு எண்ணறிவு இருக்குத்தானே?"

தாளில் இருந்த சொல்லைப் பார்த்தால் அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் போட்ட சொல்லில் இருந்தது.

செயலமர்வை நடத்திய வளவாளர் ஏழு சோடா மூடிகளை மேசையில் பரப்பினார். "நாலு வயதுப் பிள்ளையிடம் இதை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை எண்ணிவிடும். 'சரி, மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கும்." அறையில் பல தலைகள் ஆடின. எல்லோரும் தங்கள் வகுப்பில் பார்த்ததுதான். அந்தப் பிள்ளைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்பது பாட்டு மாதிரி ஒரு வரிசை. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத் தொகை என்பது இன்னும் பிடிபடவில்லை. எண்ணுதலுக்கு அடியில் இருக்கும் இப்படிப்பட்ட ஐந்து விதிகளை உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் சாள்ஸ் காலிஸ்டலும் 1978இல் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று இது.

'நம்பர் சென்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரைப் பரவலாக்கியவர்களில் அமெரிக்கக் கணிதவியலர் தோபியஸ் டான்ட்சிக் முக்கியமானவர். ஒரு சிறு கூட்டத்திலிருந்து ஒரு பொருளை எடுத்தாலோ சேர்த்தாலோ, எண்ணாமலே 'ஏதோ மாறிவிட்டது' என்று கண்டுகொள்ளும் திறனை 1930இல் அவர் இந்தப் பெயரால் குறித்தார். பறவைகளிடமும் அது ஓரளவு உண்டு என்றார். 1992இல் உளவியலாளர் கேரன் வின், ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்து, பின்னால் இன்னொன்றையும் வைத்தார். திரை இறங்கியபோது ஒன்றே ஒன்று இருந்தால் குழந்தைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. இப்படி மூளையை ஆராய்பவர்களுக்கு 'நம்பர் சென்ஸ்' என்பது பிறவியிலேயே வருவது.

வகுப்பறையில் இதே தொடர் வேறொரு பொருளைப் பெற்றது. அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய சபை 1989இல் வெளியிட்ட பாடத்திட்ட நியமங்களில் இதற்குப் பெரிய இடம் கிடைத்தது. அங்கே இது வளர்க்கப்பட வேண்டிய ஒன்று. எட்டு என்பது ஐந்தும் மூன்றும் என்று காண்பது, பத்துக்கு இரண்டு குறைவு என்று காண்பது, ஜாடியில் உள்ள டொஃபிகள் இருபது இருக்குமா இருநூறு இருக்குமா என்று மட்டுக்கட்டுவது எல்லாம் இதற்குள் அடங்கும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது?

'எண்ணறிவு' ஏற்கெனவே இன்னொரு வேலையில் இருக்கிறது. கல்வி பற்றிய பிரித்தானியாவின் குறோதர் அறிக்கை 1959இல் எழுத்தறிவுக்கு இணையாக 'நியூமரசி' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அதைத்தான் நாம் எண்ணறிவு என்கிறோம். அந்த இடத்துக்கு அது மிகப் பொருத்தம். நமது ஆசிரியர்கள் நன்றாக அறிந்த 'எண் பற்றிய எண்ணக்கரு' என்பதும் வேறு. அது கருத்தைக் குறிக்கும். கண்பார்வையில் சட்டென்று பிடிபடுவதைக் குறிக்காது.

'எண்புலன்' என்று சிலர் எழுதுகிறார்கள். மூளை ஆய்வுக்கு அது சரி. ஆனால் புலன் என்றால் கண், காது போலப் பிறவியில் கிடைப்பது. ஆசிரியர் பயிற்சியில் இந்தச் சொல்லைப் போட்டால், 'இந்தப் பிள்ளைக்கு அது இல்லை' என்று ஒதுக்கிவிடும் பேச்சுக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். அதை நான் விரும்பவில்லை.

மிஞ்சுவது 'எண்ணுணர்வு'. 'உணர்வு' என்றதும் மனவெழுச்சிதான் நினைவுக்கு வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இன்றைய வழக்கில் அது உண்மைதான். ஆனால் உணர்தல் என்பதற்குத் தெளிந்து அறிதல் என்ற பொருளும் பழையது. 'தவறை உணர்ந்தான்' என்னும்போது அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்னொன்று, உணர்தலுக்கு உணர்த்துதல் என்று ஒரு பிறவினை உண்டு. ஆசிரியரின் வேலைக்கு அதைவிட நல்ல வினை எனக்குத் தெரியவில்லை. எண் என்ற சொல்லும் துணை நிற்கிறது. காசை எண்ணுவதும் மனத்தில் எண்ணுவதும் தமிழில் ஒரே வினை. ஆகவே என் தேர்வு எண்ணுணர்வு. தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். எண்ணறிவு போலவே இதையும் சேர்த்து எழுதலாம்.

எண்ணையும் இலக்கத்தையும் பிரித்துப் பார்க்கவும் இந்தச் சொல் உதவும். கொழும்புப் பிள்ளைகளைச் சுற்றி இலக்கங்கள்தான். காலி வீதியில் ஓடும் பஸ் 100, மஹரகமவுக்குப் போவது 138. பாட்டி வீடு கொழும்பு 13இல், கொட்டாஞ்சேனையில். தன் வீடு கொழும்பு 6இல். 13 என்பது 6ஐவிட ஏழு கூடியது என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை. அவை வெறும் பெயர்கள். இலக்கத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அளவும் தெரியும் என்று நாம் நினைத்துவிடுவது இதனால்தான் நடக்கிறது.

பயிற்சியில் இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆசிரியைகளே உணர வேண்டும். அன்று வளவாளர் புளியங்கொட்டைகளைப் பாயில் போட்டு, இரண்டு நொடியில் துணியால் மூடினார். மூன்று என்றால் எல்லோரும் உடனே சொன்னார்கள். ஒன்பதைச் சிதறிப் போட்டபோது ஆளுக்கொரு விடை. அதே ஒன்பதை லூடோ தாயக்கட்டையில் உள்ளது போல ஐந்தாகவும் நாலாகவும் வைத்ததும் கேள்வி கேட்ட அந்த டீச்சர்தான் முதலில் "ஒன்பது" என்றார். "எண்ணினீங்களா?" "இல்லை, கண்டன்." அப்புறம் பத்து முட்டை வைக்கும் பெட்டியில் ஏழு மூடிகளை அடுக்கினார்கள். மேல்வரிசை நிறைந்து கீழே இரண்டு. மூன்று குழி காலி.

நம்முடைய முன்பள்ளிகள் பலவற்றில் எண்களை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது பெரிய கவலை. இலெவன், ட்வெல்வ் என்பவற்றுக்குள் பத்து இருப்பது பிள்ளைக்குத் தெரியாது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. இருபது, முப்பது, நாற்பது என்று எத்தனை பத்து என்பதையும் சொல்லே சொல்லிவிடுகிறது. தொண்ணூறு மட்டும் இந்த ஒழுங்கில் நிற்பதில்லை.

அதனால்தான் சில பிள்ளைகள் எண்பத்தொன்பதுக்கு அடுத்ததாக "எண்பத்துப் பத்து" என்கிறார்கள். டீச்சர் அதைப் பிழை என்று வெட்டிவிட வேண்டாம். பத்துப் பத்தாகக் கட்டிய எட்டுக் கட்டு ஐஸ்கிறீம் குச்சிகளையும் பத்துத் தனிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, "பத்துச் சேர்ந்தால் நாங்கள் என்ன செய்வோம்?" என்று கேட்கலாம். பிள்ளை இறப்பர் பட்டியை எடுத்து ஒன்பதாவது கட்டைக் கட்டும். தொண்ணூறு என்ற பெயரை அப்போது சொன்னால் போதும்.